சந்தை வளர்த்த ஊர்: சாஃப்ரன் வால்டன்

அன்பர்களே, வணக்கம்.

இங்கிலாந்தில், எசெக்ஸ் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே இருக்கும் சாஃப்ரன் வால்டன் என்ற சின்ன ஊரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அந்த ஊரை ஆளாக்கியது சந்தை.

12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரியணைக்காக மட்டில்டாவும் ஸ்டீபனும் மோதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பேரம் பேசி வளர்ந்தவர் ஜெஃப்ரி டி மாண்டவில் என்ற பிரபு. 1141இல் மட்டில்டாவிடம் அவர் கேட்டு வாங்கிய சலுகைகளில் ஒன்று, பக்கத்து நியூபோர்ட்டில் கூடிவந்த சந்தையைத் தன் கோட்டை இருந்த வால்டனுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை. சந்தை கூடினால் சுங்கம் வரும், கணக்கு அவ்வளவுதான். நியூபோர்ட் இன்றைக்கும் கிராமம்தான். கோட்டையில் இடிந்த சுவர்கள்தான் மிச்சம். சந்தையோ செவ்வாயும் சனியும் தவறாமல் கூடுகிறது.

சந்தைச் சதுக்கத்தை ஒட்டிச் சில குறுகிய சந்துகள் இருக்கின்றன. இடைக்காலத்தில் அவை தெருக்களே அல்ல, திடலில் போட்ட கடை வரிசைகள். காலையில் பலகை விரித்து மாலையில் எடுத்துப்போன வியாபாரி, ஒரு கட்டத்தில் எடுக்காமலே விட்டுவிட்டார். அப்புறம் கூரை வந்தது, கூரைக்கு மேல் மாடி வந்தது. வாங்க வருகிறவர்கள் நடப்பதற்காக விட்ட இடைவெளிதான் இன்றைய சந்து. கசாப்புக்காரர் வரிசை என்ற பெயர்கூட அப்படியே இருக்கிறது. இதை ஆக்கிரமிப்பு என்று சொல்லத் தோன்றும். என்னைக் கேட்டால், கோட்டையைவிட இந்தச் சந்துகள்தான் அந்த ஊரின் பெரிய சொத்து.

இனி குங்குமப்பூ. ஊரின் பழைய பெயர் சிப்பிங் வால்டன். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் சுற்றுவட்டார வயல்களில் குங்குமப்பூ செழித்தது. ஊருக்கும் அதன் ஆங்கிலப் பெயரான சாஃப்ரனே ஒட்டிக்கொண்டது. துணிக்குச் சாயம், நோய்க்கு மருந்து, சமையலுக்கு மணம் என்று எல்லாவற்றுக்கும் அதைக் கேட்டார்கள். விளைவிக்கிறவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் சில வாரங்கள்தான் பூக்கும். ஒரு பூவுக்கு மூன்றே சிவப்பு இழைகள். ஒரு கிராம் சேர ஏறக்குறைய 150 பூக்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் குனிந்து பறித்து, விரலால் இழை பிரித்து, சூடு பார்த்து உலர்த்த வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்தபோது அந்த உழைப்பு கட்டுப்படியாகவில்லை. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சாகுபடி அற்றுப்போனது. புனித மேரி தேவாலயத்தின் ஒரு வளைவில் அந்தப் பூவைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்க்கத் தவறாதீர்கள்.

அதே தேவாலயத்தில் 1647இல், மன்னரை எதிர்த்துப் போரிட்ட நாடாளுமன்றப் படையினர் சம்பளப் பாக்கி கேட்டார்கள். அவர்கள் குறைகளைக் கேட்டறிய நாடாளுமன்றம் அனுப்பியவர்களில், பின்னாளில் நாட்டையே ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லும் ஒருவர்.

ஊர்ப் பொதுத் திடலில் புல்லை வெட்டி அமைத்த சுருள்பாதை ஒன்று உண்டு. அந்த வகையில் இங்கிலாந்திலேயே பெரியது. புல் வளர்ந்தால் பாதை மறைந்துவிடும். 1699இலேயே அதைத் திரும்ப வெட்டியதற்குப் பதிவு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக யாரோ மண்வெட்டி எடுத்ததால்தான் இன்றைக்கு நாம் அதில் நடக்க முடிகிறது. அவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஊருக்குள் ஓடிய ரயில் கிளைப்பாதையை 1964இல் மூடிவிட்டார்கள். லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜ் போகும் ரயிலில் ஆட்லி எண்ட் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து சுமார் இரண்டு மைல். செவ்வாயோ சனியோ பார்த்துப் போங்கள், கடைகள் விரித்திருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.