கண்ணாடிக் கதவில் ஒட்டிய தாள்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் குடியிருக்கும் பகுதியில் இயங்கிவந்த குழந்தைகள் மையத்தின் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. சேவைகளை மறுசீரமைப்பது பற்றிய கலந்தாய்வு என்று தலைப்பிட்ட அந்தத் தாளில் ‘மூடுதல்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு தமிழ்த் தாய் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “அண்ணா, இனிமேல் செவ்வாய்க்கிழமை வரலாமா, கூடாதா?” என்று என்னைக் கேட்டார். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே காகிதம் விரித்த தராசில் குழந்தையைக் கிடத்தி, எடையைக் குழந்தையின் நலப் பதிவேடான சிவப்புப் புத்தகத்தில் குறித்துத் தருவார்கள். கைக்குழந்தைகளின் நலத்தைக் கவனிக்கும் செவிலியரான ஹெல்த் விசிட்டரிடம் முன்பதிவு இல்லாமலே பேசலாம். ஆங்கிலத்தைத் தயங்கித் தயங்கிப் பேசினாலும் யாரும் அவசரப்படுத்தாத இடம் அது ஒன்றுதான் என்று அந்தத் தாய் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்று அவருடைய கேள்விக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இங்கிலாந்தில் ஒரு கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான சேவைகளைப் பற்றி எப்படி முடிவெடுக்கிறது, அந்த முடிவு எந்தக் கட்டத்தில் நம் கைக்கு எட்டும் என்பதை அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படித்ததையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இத்தகைய மையங்களைத் தோற்றுவித்த ஷுவர் ஸ்டார்ட் என்ற அரசுத் திட்டம் 1998-இல் அறிவிக்கப்பட்டது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடல்நலம், விளையாட்டு, பேச்சு வளர்ச்சி, பெற்றோருக்கான ஆலோசனை, வேலை தேடும் உதவி ஆகிய அனைத்தும் நடந்து போகும் தூரத்தில் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2010-இல் இங்கிலாந்தில் 3,600-க்கும் மேற்பட்ட மையங்கள் இருந்தன. 2011-இல், இந்தத் திட்டத்துக்காகக் கவுன்சில்களுக்குத் தரும் பணத்தை அதற்கென்றே செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு நீக்கப்பட்டது; அதே காலத்தில் கவுன்சில்களுக்கு மத்திய அரசு தரும் நிதியும் குறைந்துகொண்டே வந்தது. பிறகு நூற்றுக்கணக்கான மையங்கள் மூடப்பட்டன அல்லது பெயருக்குச் சில மணி நேரம் மட்டும் திறந்திருந்தன.

கவுன்சிலர்களைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. வரவுக்குள் செலவை அடக்கியே தீர வேண்டும் என்று சட்டம் அவர்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஆபத்திலிருக்கும் குழந்தையைப் பாதுகாப்பதும், பராமரிப்பில் எடுத்த பிள்ளைக்கு வீடு தேடித் தருவதும் தட்டிக்கழிக்க முடியாத கடமைகள். 2010-இல் ஏறத்தாழ 64,000 ஆக இருந்த, கவுன்சில்களின் பராமரிப்பிலுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை, 2024-இல் 83,000-ஐத் தாண்டிவிட்டது. அந்தச் செலவு ஏறும்போது, குழந்தைகள் மையம் போன்ற, சட்டம் அவ்வளவு இறுக்கிப் பிடிக்காத முன்கூட்டிய உதவிகளின்மேல்தான் கத்தி விழுகிறது.

என் மனத்தை மிகவும் உறுத்துவது இதற்கு அடுத்தது. நிதி ஆய்வு நிறுவனமான ஐஎஃப்எஸ், 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஷுவர் ஸ்டார்ட் மையங்கள் முழு அளவில் இயங்கியபோது 11 வயதுப் பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது ஆண்டுக்குச் சுமார் 5,500 முறை தவிர்க்கப்பட்டதாகக் கணக்கிட்டது. 2024-இல் அதே நிறுவனம், முதல் ஐந்து ஆண்டுகள் மையத்துக்கு அருகில் வளர்ந்த பிள்ளைகள், 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பள்ளித் தேர்வில் மேம்பட்டிருப்பதையும், இலவசப் பள்ளி உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் மொத்தம் மூன்று கிரேடு அளவுக்கு இருப்பதையும் காட்டியது. அந்த நன்மை முழுவதும் தொடக்க ஆண்டுகளில் திறக்கப்பட்ட, கூடுதல் நிதி பெற்ற, வீடு வீடாகச் சென்று குடும்பங்களைத் தேடிய மையங்களில்தான் தென்பட்டது. அவற்றின் நிர்வாகத்தில் பெற்றோருக்கும் இடம் இருந்தது.

இப்போது கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். மருத்துவமனைப் படுக்கை மிச்சமானால் லாபம் தேசிய மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸுக்குச் சேர்கிறது. தேர்வு மதிப்பெண் உயர்ந்தால் அதன் பலன் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து வரியாகத் திறைசேரிக்குச் சேர்கிறது. மையத்தின் மின்கட்டணமும் ஊழியர் சம்பளமும் மட்டும் இந்த ஆண்டே கவுன்சிலின் ஏட்டில் செலவாக நிற்கின்றன. ஆகவே ஓர் அதிகாரி எவ்வளவு நேர்மையாக அறிக்கை எழுதினாலும், ‘சேமிப்பு’ என்ற பத்தியில் ஒரு தொகை வரும்; அந்தத் தொகை பிறகு யாருடைய தலையில் செலவாகத் திரும்பும் என்பதற்குப் பத்தியே இருக்காது. விடுபட்ட அந்தப் பத்தியை நிரப்பக்கூடியவர்கள், சேவையைப் பயன்படுத்தும் குடும்பங்கள் மட்டுமே. இன்று நான் வற்புறுத்திச் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

அதற்கு, முடிவு எங்கே உருவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான கவுன்சில்களில் அமைச்சரவை போன்ற ஒரு சிறு குழுவே இத்தகைய முடிவுகளை எடுக்கிறது. 2004-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, குழந்தைகள் சேவைக்கென ஓர் இயக்குநரும், பொறுப்பேற்கும் ஒரு கவுன்சிலரும் இருந்தாக வேண்டும். நம் கடிதம் போக வேண்டிய முகவரி அந்த இருவருடையது. முக்கிய முடிவு எடுக்கப்படுவதற்கு 28 நாட்களுக்கு முன் அறிவிப்பு வெளியாக வேண்டும். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலும் அறிக்கைகளும் ஐந்து முழு நாட்களுக்கு முன் பொதுப்பார்வைக்கு வர வேண்டும். நம்மில் பலர் கூட்டத்தன்று இரவு அட்டை பிடித்து வாசலில் நிற்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் அடுத்த ஆண்டு வரவுசெலவின் வரைவு இலையுதிர் காலத்திலேயே எழுதப்படத் தொடங்கி, பிப்ரவரியில் முடிந்துவிடுகிறது. அறிக்கையைப் படிப்பவர்கள் அதன் பின்னிணைப்பில் உள்ள சமத்துவத் தாக்க மதிப்பீட்டை, அதாவது அந்த முடிவு எந்தப் பிரிவினரைப் பாதிக்கும் என்று கணிக்கும் பகுதியை, தவறாமல் படியுங்கள். மொழி தெரியாத தாய்மாரும், மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளும் அந்தப் பக்கங்களில்தான் இடம் பெறுகிறார்கள், அல்லது விடுபடுகிறார்கள்.

கலந்தாய்வு வெறும் சடங்கு என்று சலிப்பவர்களுக்கு நீதிமன்றங்கள் வேறு பதில் சொல்லியிருக்கின்றன. லண்டன் பிரென்ட் பகுதியில் பள்ளிகளை மூடுவது, இணைப்பது பற்றிய வழக்கில் 1985-இல் நிலைபெற்ற விதிகள், 2014-இல் உச்ச நீதிமன்றத்தாலும் ஏற்கப்பட்டன: யோசனை இறுகிப்போவதற்கு முன்பே கேட்க வேண்டும், காரணங்களைப் புரியும்படி சொல்ல வேண்டும், பதில் சொல்லப் போதிய காலம் தர வேண்டும், வந்த பதில்களை மனச்சாட்சியோடு எடைபோட வேண்டும். குழந்தைகள் மையத்தை மூடுவதற்கும் பெரிய அளவில் மாற்றுவதற்கும் முன் கலந்தாய்வு நடத்துவது, 2006-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவின்படி கட்டாயக் கடமை. நார்த்தாம்ப்டன்ஷயர் கவுன்சில் 2018-இல் பணமில்லாமல் திணறி, தன் 36 நூலகங்களில் 21-ஐக் கைவிட முடிவு செய்தபோது, அந்த முடிவை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. நூலகங்களுக்குள் நடந்துவந்த குழந்தைகள் மையச் சேவைகளைப் பற்றி முறையாகக் கலந்தாலோசிக்காததும் அதற்கு ஒரு காரணம். பணமுடை உண்மையாக இருந்தாலும் கேட்க வேண்டியவர்களைக் கேட்டே ஆக வேண்டும்.

எங்கள் பகுதிக் கூட்டத்தில் பொதுமக்களுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். நாங்கள் நானூறு கையொப்பங்களோடு போனோம். அவை பெற்றுக்கொள்ளப்பட்டன, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாய் எழுந்து, தன் குழந்தையின் சிவப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். நான்கு வாரங்கள் எடை ஏறாமல் நின்ற புள்ளிகளையும், மையத்தில் அதைக் கவனித்து மருத்துவரிடம் அனுப்பிய தேதியையும், மாற்றாகச் சொல்லப்பட்ட இடத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும் என்பதையும் எழுதி வைத்திருந்து படித்தார். ஒரு கவுன்சிலர் இடைமறித்து, அந்தப் பேருந்துகளின் எண்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மையம் மூடப்பட்டது என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் எடை பார்க்கும் செவ்வாய்க்கிழமைகள், அறிக்கையில் இருந்தபடி தொலைவான கட்டடத்துக்குப் போகாமல், இரண்டு தெரு தள்ளியிருந்த நூலகத்தின் பின்னறைக்கு மாற்றப்பட்டன.

இப்போது காலம் மீண்டும் திரும்புகிறது. ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் குடும்ப மையங்களை அமைத்து, 2028 முடிவதற்குள் 1,000 வரை உயர்த்துவதாகவும், அதற்கு 50 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்குவதாகவும் 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. எண்ணிக்கையில் இது பழையதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆகவே மையம் எந்தத் தெருவில் அமையும், எந்தக் கிழமைகளில் திறந்திருக்கும், வீடு தேடிப் போக ஊழியர் இருப்பார்களா, தமிழ் பேசும் தாய்க்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா, நடத்தும் குழுவில் பெற்றோருக்கு எத்தனை இடம் என்பனவற்றை உங்கள் பகுதியின் பொறுப்புக் கவுன்சிலரிடம், வரைவு எழுதப்படும்போதே எழுத்தில் கேளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து அங்கே போக எத்தனை பேருந்து மாற வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதுங்கள்.