புயலுக்கு 990, டயருக்கு 29: பாம்பன் கரையில் ஒரு அழுத்தக் கணக்கு

வணக்கம் நண்பர்களே. பாம்பனில் வடகடல் பக்கம் நிற்கிறேன். காற்று பலமாக அடிக்கிறது, இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கு குளிக்கப் போகும் அண்ணன் ஒருவர் போன வாரம் கேட்டார்: "தம்பி, புயல் சேதியில் 990 என்கிறார்கள், டயர் கடையில் 29, ஆஸ்பத்திரியில் 120. எல்லாமே அழுத்தம்தானா?" நல்ல கேள்வி. அதற்காகவே இந்த வீடியோ.

ஒரே ஒரு அளவை மனதில் வையுங்கள். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 1013.25 மில்லிபார் என்று தரமாக வைத்திருக்கிறார்கள். புயல் சேதியின் 990 இந்த மில்லிபாரில்தான். அதையே ஆஸ்பத்திரியின் 120 போலப் பாதரச உயரத்தில் சொன்னால் 760 மில்லிமீட்டர், டயர் கடையின் பிஎஸ்ஐயில், அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவில், 14.7. ஹெக்டோபாஸ்கல் என்பதும் மில்லிபார் என்பதும் ஒன்றுதான், எண் மாறாது. ஆயிரம் மில்லிபார் ஒரு பார், ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ. வண்டிக்கு 29 பிஎஸ்ஐ வேண்டும், கையில் இருக்கும் கேஜ் பாரில் காட்டுகிறது என்றால் 2 பார் வைத்தால் போதும்.

பெருக்கல், வகுத்தல் அவ்வளவுதான். ஆனால் பலர் தவறுவது வேறு இடத்தில். எந்த இடத்தைப் பூஜ்யமாக வைத்து அளந்தார்கள்? பஞ்சரான டயரில் கேஜ் 0 காட்டும். உள்ளே காற்றே இல்லையா? இருக்கிறது, வெளியில் இருக்கும் அதே அழுத்தத்தில். டயர் கேஜ் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்றுதான் காட்டும். ரத்த அழுத்தம் 120 என்பதும் அப்படித்தான். புயலின் 990 மட்டும் வெற்றிடத்திலிருந்து எண்ணியது. அதனால் 29 பிஎஸ்ஐ டயருக்குள் உண்மையில் கிட்டத்தட்ட 3 பார் இருக்கிறது.

அந்த 990க்கு நம் கரையில் ஒரு பொருள் உண்டு. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். 1013லிருந்து 990க்கு இறங்கினால் 23 சென்டிமீட்டர். ஊருக்குள் தண்ணீரைக் கொண்டு வருவது அதைவிடப் பெரிதாகக் காற்று தள்ளும் தள்ளல்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த கடல் அப்படி வந்ததுதான். அந்த இடிபாடுகளுக்குள் போய் நின்றால் இப்போதும் எனக்குப் பேச்சு வராது.

சரி, அண்ணன் கதைக்கு வருவோம். கடலில் 10 மீட்டர், நம் ஆட்கள் கணக்கில் சுமார் ஐந்தரை பாகம், இறங்கினால் தண்ணீர் மட்டுமே ஒரு பார் அழுத்தும். மேலே இருக்கும் காற்று ஏற்கெனவே ஒரு பார். ஆக மொத்தம் 2. மேலே மூச்சை அடக்கிப் போனவரின் நெஞ்சில் உள்ள காற்று பாதியாகச் சுருங்கும். 20 மீட்டரில்? தண்ணீரின் அழுத்தம் இரண்டு மடங்கானதே, காற்று மறுபடி பாதியாகும் என்று தோன்றும். ஆகாது. மொத்தம் 3 பார், அதனால் மூன்றில் ஒரு பங்கு. முதல் 10 மீட்டரில் பாதி போய்விடுகிறது, அடுத்த 10 மீட்டரில் ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது.

இதை மணலில் எழுதிக் காட்டினேன். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுதான் முதல் அஞ்சு பாகத்துக்குள்ளேயே காதை அப்படி அடைக்குது."