பனி விழுந்த காலை

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

நம் இலங்கை மலையகத்தில் வானத்திலிருந்து பனி கொட்டுவதில்லை. ஆனால் தை, மாசியில் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் விடியும் முன்னே எழுந்து பாருங்கள். புல்தரை முழுக்க உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கும். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தே வளர்ந்தோம்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசலில், இல்லாத உறைபனி கீழே ஆற்றோரத்தில் இருக்கும். வெப்பமானி 3 பாகை காட்டினாலும் புல் நுனி உறைந்திருக்கும். ஆகவே முந்தின இரவு வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் மறுநாள் கேமராவோடு பள்ளத்துக்குப் போகலாம்.

உறைபனியைப் படம் எடுக்க நான் ஒரு படங்குச் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்வேன். தேயிலை இலையின் ஓரத்தில் ரம்பம் போல் பற்கள் உண்டு அல்லவா, அந்த ஒவ்வொரு பல்லிலும் ஊசி ஊசியாகப் பனி நிற்கும். மூச்சுப் பட்டாலே கரைந்துவிடும். 1885இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி, நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி ஒற்றைப் பனித்துகளைப் படம் பிடித்தார். வாழ்நாளில் 5000க்கும் மேல் எடுத்தார். அந்தப் பொறுமை எனக்குப் புரிகிறது.

சரி, ஒரு விஷயம். வெள்ளையைக் கண்டால் கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கிவிடும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள். கைபேசியிலும் இதைச் செய்யலாம். நிழலில் தெரியும் நீலத்தை மட்டும் மாற்றாதீர்கள், அது வானத்தின் நிறம்.

சூரியன் மேட்டைத் தாண்டினால் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம்தான் அடுத்த படம். பனியடித்த கொழுந்து ஓரிரு நாளில் கருகிவிடும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். அம்மா அப்படி எத்தனையோ நாள் வெறுங்கூடையோடு வந்திருக்கிறார். அதனால் அதே மலைக்கு (நம்பர் போட்ட தேயிலைப் பகுதியை நாங்கள் மலை என்போம்) மூன்றாம் நாளும் போய் அதே செடியைப் படம் எடுப்பேன்.

இரண்டு படமும் எங்கள் வீட்டுச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. வருகிறவர்கள் வெள்ளைப் படத்தின் முன்னால் நிற்பார்கள். அம்மா மட்டும் கருகிய செடியைத் தொட்டுப் பார்த்து, "இது எத்தனாம் நம்பர் மலை, தம்பி?" என்பார்.