‘டென்ஷன்’ என்று சொல்லி அனுப்பிவிட்டால் போதுமா?

அவைத்தலைவர் ஐயா அவர்களே, இந்த வாசகர் வட்டத்தைத் தொய்வில்லாமல் நடத்திவரும் செயலாளர் அவர்களே, மண்டபத்தைக் கொடுத்து தேநீருக்கும் ஏற்பாடு செய்திருக்கும் வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே, வேலை நெருக்கடியிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். மருத்துவர் அம்மா வந்த பிறகுதான் நம் ஊர்ப் பிரசவ வார்டில் ராத்திரியிலும் டாக்டர் இருக்கிறார். இதைச் சபையில் சொல்லாமல் போவது நியாயமில்லை.

மனப்பதற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்ல நினைத்தேன். அவை எப்படி வந்தன, நம் வாயில் எப்படிப் புழங்குகின்றன, நம் பழைய சொற்கள் என்ன ஆயின. எந்த மேடை ஏறினாலும் நான் சொல்கிற பழமொழி ஒன்று உண்டு: அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இன்றைக்கும் அதை வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

முதல் உலகப்போரில் காயமே இல்லாத சிப்பாய்கள் கை நடுங்கி, பேச்சு குழறி, கண் மங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ‘ஷெல் ஷாக்’, அதாவது குண்டு அதிர்ச்சி, என்ற பெயரில் அதை எழுதினார். அந்தப் பேச்சு பரவியது ராணுவத்துக்குப் பிடிக்கவில்லை. 1917இல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கட்டுப்பாடு விதித்தது. அதே போரில் ஓடிப்போனவன், கோழை என்று பல சிப்பாய்களைச் சொந்த ராணுவமே சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் நோயாளிகள் என்று குடும்பங்கள் பல்லாண்டுகள் போராடின. 2006இல்தான் பிரிட்டிஷ் அரசு 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது. இதற்கிடையே 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, அதிர்ச்சிக்குப் பின் வருகிற மனநோய்க்கும் திடீரென்று நெஞ்சடைத்துப் பதறவைக்கிற ‘பேனிக்’ நோய்க்கும் தனித்தனி இடம் கொடுத்தது. நோய் என்று ஏற்றுக்கொண்ட பிறகுதானே வைத்தியம் கேட்க முடியும்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

சரி, நம் வாய்க்கு வருவோம். எல்லாவற்றுக்கும் ‘டென்ஷன்’ என்கிறோம். பஸ் தவறினாலும் டென்ஷன், பிள்ளை செத்துப்போகலாமா என்று யோசித்தாலும் டென்ஷன்.

என் அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். ஒருநாள் ராத்திரி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், “நெஞ்சை அடைக்குது, அக்காவைக் கூப்பிடுடா தம்பி” என்றார். உடம்பெல்லாம் வேர்வை, கை ஜில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டு ஆம்னி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். “ஒண்ணுமில்ல, டென்ஷன்தான். டென்ஷன் ஆகாம இருங்க” என்று அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதை. வேறு ஆஸ்பத்திரி, அதே பதில். அப்புறம் மந்திரித்த கயிறு. சமயபுரத்துக்கு அக்கா வேண்டிக்கொண்டாள். அத்தான் லாரியில் ஏறுவதையே விட்டுவிட்டார். முதலாளி போன் செய்தால் முதுகுவலி என்பார். வேலைக்குப் போக உடம்பு வணங்கவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள்.

கடைசியில் சர்க்கரை மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்குப் போனபோது, சீட்டு எழுதிக்கொண்டே ஒரு இளம் டாக்டர், “ஏண்ணே வண்டி எடுக்கறதில்ல?” என்று கேட்டார். அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “கண்ணை மூடினா அந்தப் பையனோட சைக்கிள் குறுக்கே வருது சார்” என்று சொல்லி அழுதுவிட்டார். போன வருஷம் நடந்த விபத்து. பையன் பிழைத்துவிட்டான், கேஸும் முடிந்துவிட்டது. அதனால் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. அந்த டாக்டர் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். மாத்திரையும் ஆலோசனையுமாகச் சில மாதங்கள் போயின. இப்போது மறுபடி லாரி ஓட்டுகிறார். இரவு லோடு மட்டும் எடுப்பதில்லை.

பதைப்பு, தவிப்பு, கலக்கம் என்று நம் சொற்களைப் பற்றியும் பேச ஆசைதான். ஆனால் மருத்துவர் அம்மா இருக்கிற சபையில் அதைவிட அவசரமானதைக் கேட்டுவிடுகிறேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்கிறோமே, ஐம்பது வயது ஆண்பிள்ளை எங்கே உட்கார்ந்து அழுவது? புறநோயாளி வரிசையில், பின்னால் நாற்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போதா?

மாவட்ட மனநலத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது 1996இல். அரசு மருத்துவச் சேவையில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். அப்படியிருக்க, நம் தாலுகா மருத்துவமனைக்கு முழுநேர மனநல ஆலோசகர் ஒருவர் வேண்டும். கதவு சாத்திய ஓர் அறை வேண்டும். பெரிய கட்டடம் கேட்கவில்லை. பழைய மருந்துக் கிடங்கு காலியாகத்தான் கிடக்கிறது.

அதுவரை, மனநல உதவிக்கு அரசு நடத்தும் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 14416. கட்டணமில்லை, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். ஆட்சியருக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும்போது கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு தாள் எடுத்துப் போங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். உடன் வர முடிந்தவர்கள் காலை ஒன்பது மணிக்கு நூலக வாசலுக்கு வந்துவிடுங்கள்.