அந்தப் படத்தில் இருப்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய குடும்பப் படங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். படத்தை எப்படிக் கெடாமல் வைப்பது என்றுதான் பலரும் என்னிடம் விசாரிப்பார்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. படத்தில் இருப்பவர்களின் பெயரைக் கேட்டு எழுதிவைக்கிற வேலை. பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவரோ இருவரோதான் மிஞ்சியிருக்கிறார்கள்.

நம்மில் பெரும்பாலோருக்குப் பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அதோடு சரி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே வம்சத்தில் மூன்று கருப்பையா இருப்பார்கள். படத்தில் நிற்பது எந்தக் கருப்பையா என்று ஆள்தான் சொல்ல வேண்டும், ஏடு சொல்லாது. பெண்கள் பாடு இன்னும் மோசம். கல்யாணமானதும் இனிஷியல் மாறிவிடும், ஊரும் மாறிவிடும். பழைய கிரயப் பத்திரத்தில் 'இன்னார் மனைவி' என்று ஒரு வரியில் வந்து போவார்கள். அவர் யார் மகள், எந்த ஊரிலிருந்து வாழ வந்தார் என்று அதில் இருக்காது. அப்பா வழியில் ஐந்து தலைமுறை கடகடவென்று சொல்கிறவரிடம் அம்மாவின் அம்மாவைப் பெற்றவள் பெயரைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தெரியாது. எனக்கு இது பெரிய வருத்தம்.

இதற்கெல்லாம் உதவுகிற தாள்கள் வீட்டிலேயே கிடக்கின்றன. முதலில் தேட வேண்டியது மொய் நோட்டு. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். எந்தெந்த ஊரில் நமக்குச் சொந்தம் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. தாய்மாமன் சீர் யார் கொண்டுவந்தது என்பது தெரிந்தால் அம்மா வழி பிடிபட்டுவிடும். அப்புறம் கல்யாணப் பத்திரிகை, பத்திரக்கட்டு, குலசாமி கோயில் வரி நோட்டு.

சரி, படத்துக்கு வருவோம். அட்டையில் ஒட்டிய ஸ்டூடியோ படமாக இருந்தால் அட்டையின் கீழ் ஓரத்தில் ஸ்டூடியோ பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும், இல்லையென்றால் பின்பக்கம் முத்திரை இருக்கும். படத்தை எடுக்க எந்த ஊருக்குப் போனார்கள் என்பதே ஒரு தகவல். சடங்கான பெண்ணுக்குப் பூ ஜடை தைத்து, பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து, ஜடையும் விழுகிற மாதிரி எடுத்த படம் பல வீடுகளில் உண்டு. அந்தக் கண்ணாடியை உற்றுப் பாருங்கள். சில படங்களில் ஓரமாக நிற்கிற அம்மாவோ அத்தையோ அதில் தெரிவார்கள். அந்த அம்மாவுக்கு வேறு படமே இல்லாமல் இருக்கலாம்.

இப்படி ஒரு படத்தை எங்கள் பெரியம்மாவிடம் காட்டினேன். பெயரைச் சொல்வதற்கு முன்னால் அட்டிகையைத்தான் தொட்டார். "இது அவளுது இல்லப்பா, என்னோடது. போட்டோவுக்குன்னு வாங்கிப் போட்டுக்கிட்டா. அந்த வருசம் அவங்க வீட்டு நகையெல்லாம் அடகுல கெடந்துச்சு." அந்த வருடம் மழை இல்லை, கிணறு வெட்டக் கடன் வாங்கினார்கள், அதை அடைக்கத்தான் பெரியப்பா கொழும்புக்குப் போனார் என்று வரிசையாக வந்தது. 'இவர் யார்' என்று மட்டும் கேட்டிருந்தால் ஒரு பெயரோடு முடிந்திருக்கும். புடவை யாருடையது, பக்கத்தில் ஏன் இவர் நிற்கிறார், அந்தப் பையன் இப்போது எங்கே என்று கேளுங்கள். கேட்கும்போதே செல்போனில் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கடல் கடந்து போனவர்களின் கதை வேறு. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடல் அடையாளம் என்று கப்பல் பதிவேட்டில் எழுதினார்கள். மொரீஷியஸில் 1860களிலிருந்து தொழிலாளிகளைப் படமே பிடித்து வைத்தார்கள். அங்கே மோக்கா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவை பாதுகாப்பாக இருக்கின்றன. கூலியாள் ஓடிவிடாமல் பிடித்து வைப்பதற்காக எழுதிய ஏடுகள், எடுத்த படங்கள் அவை. ஆனால் இன்று அவர்களின் கொள்ளுப்பேரன் பேத்திகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரைச் சொல்லி நம் பக்கத்துக்கு வந்து தேடுகிறார்கள். ஊரிலேயே தங்கியவர்களை அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பேரன் பேத்திகள் தேடி வரும்போது பெயர் சொல்லி அடையாளம் காட்ட நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டாமா?

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடிப்பிடித்து மின்வடிவில் சேர்த்திருக்கிறார்கள். மிக நல்ல காரியம். ஆனால் பல ஸ்டூடியோக்கள் மூடியபோது நெகட்டிவ் எல்லாம் பழைய சாமானோடு போய்விட்டது. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவதுதான் அநேகமாக ஒரே பிரதி.

அதனால் பகிருங்கள். சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். வெளிச்சம் பட்டுத் தெறிக்காமல் சாய்வாகப் பிடித்துக் கண்ணாடிக்கு மேலேயே படம் எடுங்கள். தனியாக இருக்கும் படங்களை ஸ்கேன் செய்யும்போது துல்லியத்தைக் குறிக்கும் டிபிஐ அளவை 600 என்று வைத்தால் போதும். பின்பக்கத்தையும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். எழுபது, எண்பதுகளின் கலர் படங்களை முதலில் எடுங்கள். கறுப்பு வெள்ளை நின்று தாங்கும், அந்தக் கலர் சிவந்து வெளுத்துக்கொண்டே வருகிறது.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. சடங்குப் படம் ஒரு பெண்ணுடையது. அவர் இருந்தால் அவரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். இரண்டாம் தாரம், சுவீகாரம், விட்டுப்போன உறவு என்று பேசாமல் வைத்த விஷயங்கள் வெளியே வரும். அந்தப் பெயர்களையும் எழுதி வையுங்கள், ஆனால் குடும்பக் குரூப்பில் போட்டு யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம். வம்சம் தேடுகிறேன் என்று சாதிப் பெருமையைத் தேடிப் போகாதீர்கள். அட்டிகையை இரவல் வாங்கிப் போட்டவளின் பெயர் எனக்கு அதைவிட முக்கியம்.

பெரியவர்கள் படத்தைக் கொடுக்கத் தயங்குவார்கள். முன்னால் வாங்கிப் போனவர்கள் திருப்பித் தராததுதான் காரணம். அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கடையில் பிரிண்ட் போட்டு, இடமிருந்து வலமாக எல்லோர் பெயரையும் பின்னால் எழுதி, ஒரு பிரதியை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

வணக்கம்.