மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு சீமான்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1975இல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, மெழுகுவத்தியும் நாசாவுக்காகச் செய்த லென்ஸும்தான் முதலில் வந்து நிற்கும். நானும் அதில்தான் தொடங்கப்போகிறேன். ஆனால் அந்த லென்ஸ் நடிகர்களை என்ன பாடுபடுத்தியது, அதனால் கதைக்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கதை 18ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. ரெட்மண்ட் பாரி அயர்லாந்துக் கிராமத்து இளைஞன். காதல் போட்டியில் ஓர் அதிகாரியைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றுவிட்டதாக நம்பி ஊரைவிட்டு ஓடுகிறான். ஏழாண்டுப் போரில் முதலில் பிரிட்டிஷ் படையில் இருக்கிறான், பிறகு பிரஷ்யப் படையில். அதன்பின் பிரபுக்களின் சூதாட்ட மேசைகளில் ஏமாற்றிப் பிழைக்கிறான். முடிவில் பெருஞ்செல்வச் சீமாட்டி லேடி லிண்டனைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் குடும்பப் பெயரையும் எடுத்துக்கொள்கிறான். முதல் பாகம் இவ்வளவுதான். இரண்டாம் பாகம் முழுக்கச் சரிவு.

இரவுக் காட்சிகளில் மின்விளக்கே கூடாது என்பது குப்ரிக்கின் பிடிவாதம். அன்றைய ஈஸ்ட்மன் கலர் ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், 100. லேபில் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூட்டிக் கழுவினால் 200 ஆகும், அதற்கு மேல் இழுக்க முடியாது. மீதியை லென்ஸ்தான் ஈடுகட்டியாக வேண்டும். ஸைஸ் நிறுவனம் நாசாவுக்காக உருவாக்கிய 50 மில்லிமீட்டர் பிளானார் லென்ஸின் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் திறப்பு, எஃப் 0.7. இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். வேகமான லென்ஸ் என்று பெயரெடுத்த எஃப் 1.4 லென்ஸைவிட அது நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

லென்ஸ் கிடைத்துவிட்டது, அதைக் கேமராவில் பொருத்துவதுதான் பெரிய தலைவலி. அது ஸ்டில் கேமராவுக்கான லென்ஸ். அதன் பின்பக்கக் கண்ணாடி ஃபிலிமுக்குச் சில மில்லிமீட்டர் தூரத்தில் வந்து நிற்க வேண்டும். லென்ஸ் வழியாகவே பார்ப்பதற்காக உள்ளே கண்ணாடி சுழலும் ரிஃப்ளெக்ஸ் கேமராவில் அதற்கு இடமே கிடையாது. எனவே பழைய மிட்செல் பிஎன்சி கேமரா ஒன்றை கேமரா வல்லுநர் எட் டிஜூலியோவிடம் கொடுத்து, லென்ஸ் உட்காரும் பகுதியைக் குடைந்து மாற்றச் செய்தார்கள். அதன்பின் அந்தக் கேமராவில் வேறு எந்த லென்ஸும் பொருந்தாது. 50 மில்லிமீட்டர் கோணம் அறைக்குள் குறுகலாக இருந்ததால், திரையரங்கு புரொஜெக்டருக்கான ஒரு துணை லென்ஸை முன்னால் சேர்த்து 36.5 மில்லிமீட்டராக விரித்துக்கொண்டார்கள்.

இனி ஃபோகஸ். அப்பர்ச்சர் இவ்வளவு திறந்திருக்கும்போது, இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய இரண்டு அங்குலம்தான். மூக்கு தெளிவாக இருந்தால் காது மங்கும். நடிகர் பேச்சுவாக்கில் சற்று முன்னால் சாய்ந்தாலும் ஷாட் வீண். கேமராவின் வ்யூஃபைண்டரோ லென்ஸ் வழியாகப் பார்ப்பது அல்ல, ஃபோகஸ் தப்புவது அதில் தெரியாது. அதனால் நடிகருக்குப் பக்கவாட்டில், 90 டிகிரி கோணத்தில், ஒரு வீடியோ கேமராவை வைத்தார்கள். அதன் திரையில் கட்டம் போட்டிருந்தது. தலை எந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்த்துப் பார்த்து ஃபோகஸைத் திருப்பினார் ஃபோகஸ் உதவியாளர் டக்ளஸ் மில்சம். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. நியாயம்தான், என்றாலும் அதில் பாதி மில்சமுடையது என்பேன்.

மெழுகுவத்தி தன் பங்குக்குப் படுத்தும். ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் இடையில் உயரம் குறைந்துவிடும், மாற்றாவிட்டால் வெட்டி ஒட்டும்போது காட்டிக்கொடுக்கும். கதவிடுக்குக் காற்று போதும், சுடர் ஆடி முகத்து வெளிச்சமும் ஆடும். சரவிளக்குகளின் சூடு பழைய மாளிகைகளின் கூரையைக் கெடுக்காமலிருக்க, அவற்றுக்கு மேலே உலோகத் தகடுகளைக் கட்டினார்கள். அதே தகடுகள் வெளிச்சத்தைக் கீழே திருப்பி அறைக்குப் பொது ஒளியும் கொடுத்தன.

இத்தனைக்கும் நடிகர் கொடுத்த விலை, அசையாமை. சூதாட்ட மேசையைச் சுற்றியுள்ள பிரபுக்களைக் கவனியுங்கள். பூசிய முகங்கள், நிதானமாக நகரும் விரல்கள், கழுத்து திரும்புவதே அபூர்வம். லென்ஸ் விதித்த கட்டுப்பாடும் அந்த வர்க்கத்தின் நடத்தை விதியும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. பாரி கற்றுக்கொள்ள வேண்டியதும் இதைத்தான். பட்டும் விக்கும் காசு கொடுத்தால் கிடைக்கும், அசையாமல் உட்காரும் பழக்கம் எளிதில் வராது.

பகல் காட்சிகளில் இதே வேலையை ஜூம் செய்கிறது. 24 முதல் 480 மில்லிமீட்டர் வரை போகும் ஜூம் லென்ஸ் அது. ஒரு கையையோ முகத்தையோ நெருக்கமாகக் காட்டித் தொடங்கி, மெதுவாகப் பின்வாங்கி, மாளிகையும் புல்வெளியும் வானமுமாக விரியும். கேமரா தண்டவாளத்தில் பின்னால் நகர்ந்திருந்தால் முன்னிருப்பதும் பின்னிருப்பதும் ஒன்றையொன்று கடந்து ஆழம் தெரிந்திருக்கும். ஜூமில் அந்த மாற்றம் நிகழாது, படம் தட்டையாகவே அகலும். ஆள் ஓவியத்துக்குள் ஒரு புள்ளியாகச் சிறுத்துப்போகிறான்.

கேமராவைக் கையில் பிடித்து எடுத்த காட்சிகள் மிகச் சில. படை முகாமில் பாரி போடும் குத்துச்சண்டை ஒன்று. லேடி லிண்டன் விஷம் குடிக்கும் காட்சி இன்னொன்று. மூன்றாவது, கச்சேரியின் நடுவே விருந்தினர் எல்லோர் முன்னாலும் லேடி லிண்டனின் முந்தைய மணத்து மகன் புல்லிங்டனைப் பாரி அடித்து வீழ்த்துவது. பிரபுப் பட்டம் வாங்குவதற்காகப் பல காலம் பணத்தை வாரியிறைத்தவன், அந்தச் சில நொடிகளில் எல்லாக் கதவுகளையும் தானே சாத்திக்கொள்கிறான். அதுவரை அசையாதிருந்த படச்சட்டம் அப்போது கிடந்து குலுங்குகிறது. அழைப்புகள் நின்றுபோகின்றன, கடன்காரர்களின் பில்கள் மட்டும் வருகின்றன.

மூல நாவல் 1844இல் ஆங்கில எழுத்தாளர் தாக்கரே எழுதியது. அதில் பாரியே தன் பெருமையைத் தன் வாயால் அளப்பான், வாசகர் அவன் பொய்களைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். படத்தில் அந்த வேலைக்கு இடமில்லை. கதைசொல்லியாக நடிகர் மைக்கேல் ஹார்டர்னின் குரல் வெளியிலிருந்து பேசுகிறது, நடக்கப்போவதை முன்னதாகவே சொல்லியும் விடுகிறது. அடுத்து என்ன என்ற பதற்றம் போய், எப்படி என்று பார்க்கும் பொறுமை வருகிறது. எனக்கு இது சரியான மாற்றமாகவே படுகிறது.

பாரியும் புல்லிங்டனும் கொட்டகைக்குள் மோதும் இறுதித் துப்பாக்கிப் போட்டி நாவலில் இல்லை, குப்ரிக் சேர்த்தது. நாணயம் சுண்டுகிறார்கள். முதலில் சுட வேண்டிய புல்லிங்டனின் துப்பாக்கி, குறிபார்க்கும் முன்பே வெடித்துவிடுகிறது. விதிப்படி அதுவும் ஒரு சுடல்தான். அவன் பயத்தில் வாந்தியெடுக்கிறான். பாரி தன் முறையில் தரையைப் பார்த்துச் சுடுகிறான். படம் முழுக்க அவன் செய்யும் கண்ணியமான காரியங்களில் இதுவே உச்சம், ஆனால் புல்லிங்டன் மறுபடி சுடுகிறான், அந்தக் கண்ணியத்துக்குப் பாரி கொடுப்பது ஒரு கால். பிறகு ஆண்டுக்கு 500 கினி (அன்றைய ஆங்கிலேயத் தங்கக் காசு) உதவித்தொகை, இங்கிலாந்தில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தத் தொகைக்கான சீட்டில் லேடி லிண்டன் கையெழுத்திடும்போது தேதியைப் பாருங்கள்: 1789 டிசம்பர். பிரான்சில் புரட்சி தொடங்கிவிட்ட ஆண்டு.

இளம் ஒளிப்பதிவாளர்களுக்கு ஒரு கணக்கு. 200 வேகத்தில் எஃப் 0.7 தந்த வெளிச்சத்தை, இன்றைய டிஜிட்டல் கேமரா 800இல் சாதாரண எஃப் 1.4 லென்ஸோடு தந்துவிடும், ஃபோகஸ் ஆழமும் இரு மடங்கு கிடைக்கும். செய்து பாருங்கள். சுடர் வெளுத்துப் போகாமல் முகத்துக்கு ஒளி அளவெடுப்பதுதான் கடினம். படத்தைப் பார்ப்பதானால், அகலம் உயரத்தைப் போல் 1.66 மடங்குள்ள பதிப்பைத் தேடுங்கள். அகலத் திரைக்காக மேலும் கீழும் நறுக்கிய பதிப்பில், அவ்வளவு கவனமாக அமைத்த சட்டகங்களின் ஓரங்கள் போய்விடுகின்றன. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், இடைவேளையில் எழுந்துகொள்ளலாம். வணக்கம்.