ஏன் எண்டு கேட்டா கடதாசி வராது

(திருகோணமலையில ஊர்ச் சங்கக் கூட்டமொண்டுல பேசினது, பேசின மாதிரியே எழுதியிருக்கு)

எல்லாருக்கும் வணக்கம், பின்னுக்கு நிக்கிற தம்பிமார் முன்னுக்கு வாங்க, கதிரை கிடக்கு.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுக்கு முதலே 2015ல 19ஆம் திருத்தத்தோட அரசியலமைப்புக்குள்ளயும் இந்த உரிமை வந்துட்டு. அதால கந்தோர்ல போய்க் குனிஞ்சு நிண்டு கேக்கத் தேவையில்ல, "இது என்னத்துக்கு உங்களுக்கு?" எண்டு கேட்டா காரணம் சொல்லவும் தேவையில்ல, சட்டத்திலயே அப்பிடித்தான் இருக்கு.

ஆனா எங்கட ஆக்கள் என்ன செய்யிறது எண்டா, "எங்கட ஒழுங்கைய ஏன் இப்பிடிக் கேவலமாப் போட்டீங்க, ஒரு மழைக்கே கிழிஞ்சு போச்சு, ஆர் பொறுப்பு?" எண்டு ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் குடுக்கிறது, அங்கயிருந்து "அவ்வாறான தகவல் எம்மிடம் இல்லை" எண்டு ஒற்றை வரி வரும். கோவம் வரும்தான், ஆனா சட்டப்படி அது பிழையில்ல. அவங்கட கையில இருக்கிற ஆவணத்தத்தான் குடுக்க வேணும், விளக்கம் எழுதித் தர வேண்டியதில்ல.

அதையே இப்பிடிக் கேளுங்க: இந்த ஒழுங்கையின்ட எஸ்டிமேட் கொப்பி, கொந்தராத்து ஒப்பந்தம், வேலை முடிஞ்சது எண்டு குடுத்த சான்றிதழ், காசு குடுத்த வவுச்சர். எஸ்டிமேட்டுல எத்தின அங்குலக் கொங்கிறீட் எண்டு இருக்கும், டேப்பப் பிடிச்சு அளந்தா உங்கட "ஏன்"னுக்குப் பதில் றோட்டுலயே கிடக்கும். ஏ4 நாலு பக்கம் வரைக்கும் காசும் இல்ல. உள்ளூர்க் காசுல 5 லட்சத்துக்கு மேல போற திட்டமெண்டா வேலை தொடங்க மூண்டு மாசத்துக்கு முதலே விவரத்த வெளியிட வேணும் எண்டு 9ஆம் பிரிவு சொல்லுது, அத எங்கயாச்சும் கண்டனீங்களா?

இனி எங்கட திருகோணமலைச் சீனக்குடாவுக்கு வருவம். வெள்ளக்காரன் கட்டின 99 எண்ணெய்த் தாங்கி, அதுல 61 தாங்கிய 2022 ஜனவரியில ஒரு கூட்டுக் கொம்பனிக்குக் குடுத்தாங்க, 51 வீதம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 49 லங்கா ஐஓசிக்கு, அது இந்தியன் ஒயிலின்ட இலங்கைக் கொம்பனி. அரசுக்கு 25 வீதமோ மேலயோ பங்கு இருக்கிற கொம்பனியும் இந்தச் சட்டத்துக்குள்ள வரும், அதால அதுக்கிட்டயும் நாம கேக்கலாம். ஆனா 5ஆம் பிரிவில வியாபார ரகசியம், தேசிய பாதுகாப்பு, வெளிநாட்டு ஒப்பந்தம் எண்டு கதவு மூடுறதுக்கும் வழி வச்சிருக்கு. மறைக்கிறத விட வெளியிடுறதால பொதுநலன் கூடவெண்டா குடுக்கத்தான் வேணும் எண்டு அதே பிரிவே சொல்லுது, ஆனா அத நிறுவ தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு, அதுக்குப் பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றம் எண்டு நடக்க வேண்டி வரலாம், வருசக்கணக்காப் போகும். எம்பிமார்ல ஆர் ஆர் சொத்து விவரம் குடுத்தாங்க எண்ட பட்டியலக் குடுக்கச் சொல்லி ஆணைக்குழு 2021ல உத்தரவு போட்டும், நீதிமன்றத்தில அது உறுதியாக 2023 ஆச்சு.

இன்னொண்டு, காணாமப் போன பிள்ளைகளத் தேடுற அம்மாமார் இங்கயும் இருக்கிறீங்க. பதிவு இல்ல எண்டு ஒரு கந்தோர் சொல்லிட்டா, இல்லாத பதிவ உண்டாக்க இந்தச் சட்டத்தால ஏலாது. அத மறைச்சுக் கதைக்க நான் விரும்பல்ல.

மனுவக் குடுத்தவுடன கிடைச்சதுக்கு எழுத்துல ரசீது வாங்குங்க, தகவல் அலுவலர் அதத் தரத்தான் வேணும். பதில் சொல்ல அவங்களுக்கு இருக்கிற வேலை நாள் 14 அதுல இருந்துதான் எண்ணுறது, பதிலே வராட்டியும் மேல்முறையீடு போடலாம். தமிழ்லயே எழுதுங்க. படிவம் அந்த மேசையில இருக்கு, எழுதத் தெரியாத ஆக்கள் இருந்தா சொல்லுங்க, தம்பிமார் எழுதித் தருவாங்க.